கோட்டின் தடிமன் யாருடையது?

கடலோரத்தில் கேஸ் அடுப்பு முழு நீலமாக எரிவது அபூர்வம். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் மாலையில் மீன் பொரிக்கும் கடை ஒன்றில் நின்று பாருங்கள். உப்பு தடவிய மீனிலிருந்து ஒரு துளி நீர் அடுப்பில் விழுந்தால் போதும். நீலச் சுடர் பளிச்சென்று மஞ்சளாகி மீளும். ஒன்றும் விழாவிட்டாலும் அவ்வப்போது மஞ்சள் கீற்று எட்டிப் பார்க்கும், காற்றிலேயே உப்புத் துகள் மிதப்பதால். அந்த மஞ்சள் சோடியத்தினுடையது. அலைநீளம் 589 நானோமீட்டர். கறாராகச் சொன்னால் அங்கே இரண்டு கோடுகள் இருக்கின்றன: ஒன்று 589.0, மற்றது 589.6. இயற்பியலில் இந்த ஜோடிக்கு ‘டி’ கோடுகள் என்று பெயர்.

இதே மஞ்சளை இந்தக் கரை வானத்திலும் பார்த்திருக்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து வடக்கே, திருவனந்தபுரம் நகரைத் தாண்டிப் போனால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அந்தி நேரத்தில் அங்கிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட் மேல் வளிமண்டலத்தில் சோடியம் ஆவியைக் கக்கிச் சென்றது. தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட் அது. கீழே இருட்டத் தொடங்கியிருந்தது. மேலே இன்னும் வெயில் இருந்தது. வெயில் பட்ட ஆவி ஆரஞ்சு கலந்த மஞ்சளில் ஒளிர்ந்தது. அந்தத் தடம் காற்றில் வளைந்து நெளிவதைப் படமெடுத்து, மேலடுக்கில் காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கிட்டார்கள்.

இப்போது வீட்டில் செய்த ஒரு நிறமாலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே கறுப்புச் சாயம் பூசிய அட்டைப் பெட்டி. ஒரு முனையில் இரண்டு சவரப் பிளேடுகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டிய பிளவு. 20 சென்டிமீட்டர் தள்ளி, உரித்தெடுத்த டிவிடி துண்டு. அதற்குப் பின்னால் ஒரு வெப்கேம். டிவிடியின் தடங்கள் 0.74 மைக்ரான் இடைவெளியில் ஓடுகின்றன, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1350. ஒளியை நிறங்களாகப் பிரிக்கக் கடையில் விற்கும் நல்ல கீற்றணிகளுக்கு இது சளைத்ததில்லை. இந்தப் பெட்டியின் வாயை மீன் கடை அடுப்பின் பக்கம் திருப்பி, சுடரில் உப்புநீரைத் தெளித்தால் கணினித் திரையில் ஒரு மஞ்சள் கோடு விழும்.

ஒரே ஒரு கோடு. இரண்டாவது எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரையில் விழுந்த கோட்டுக்கு ஓர் அகலம் இருக்கிறதே, அந்த அகலம் யாருடையது? சோடியத்தினுடையதா, நம் பெட்டியினுடையதா? சுடரில் இருக்கும் சோடியம் அணு உமிழும் கோட்டின் இயல்பான அகலம் ஒரு நானோமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் தடித்த மார்க்கர் பேனாவை வைத்துக்கொண்டு எத்தனை நுணுக்கமான படத்தை வரைந்தாலும் ஒவ்வொரு கோடும் மார்க்கரின் தடிமனில்தான் விழும். பெட்டிக்கும் அப்படி ஒரு முனைத் தடிமன் உண்டு. அதைத்தான் பிரிதிறன் என்கிறோம். அதை அளக்காமல் எடுத்த நிறமாலைப் படம் அழகாக இருக்கலாம், சாட்சியாக நிற்காது.

அளப்பதற்கு வழி எளிது. பெட்டியின் தடிமனைவிட மிக மிக மெல்லிய கோடு ஒன்றைக் கொடுக்க வேண்டும். திரையில் தெரியும் அகலம் முழுக்கப் பெட்டியினுடையதாகிவிடும். அப்படி மெல்லிய கோடு தரும் விளக்குகளை ஒரு காலத்தில் பல்கலைக்கழக ஆய்வகங்களில்தான் பார்க்க முடிந்தது. இன்று திருவிழாக் கடையில் கிடைக்கிறது: லேசர் பாயிண்டர்.

ஆனால் எல்லா பாயிண்டரும் ஒன்றல்ல. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கடையில் மூன்று நிறம் கிடைக்கும். சிவப்பின் மேல் 650 என்றும், பச்சையின் மேல் 532 என்றும், ஊதாவின் மேல் 405 என்றும் அச்சிட்டிருக்கும். இந்த மூன்று எண்களில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது பச்சை மட்டுமே. சாதாரணப் பச்சை பாயிண்டருக்குள் நியோடிமியம் கலந்த ஒரு படிகம் இருக்கிறது. அது 1064 நானோமீட்டரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை உண்டாக்க, இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைச் சரிபாதியாக்குகிறது. நியோடிமியம் அணு எந்த அலைநீளத்தில் ஒளிரும் என்பதை எந்தத் தொழிற்சாலையும் மாற்ற முடியாது. அதனால் அந்தக் கோடு 532-ஐ விட்டு அசைவதில்லை; மிகவும் மெல்லியதும்கூட, பெரும்பாலும் 0.1 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். சிவப்பும் ஊதாவும் நேரடியாக ஒளிரும் குறைகடத்தி டயோடுகள். 650 என்று எழுதிய சிவப்பு 645 ஆகவும் இருக்கலாம், 658 ஆகவும் இருக்கலாம். அதன் அகலமும் ஒரு நானோமீட்டர் அளவுக்கு வரக்கூடும். ஆக, பெட்டியின் தடிமனை அளக்கப் பச்சைதான் ஏற்றது. சிவப்புக்கு வேறு ஒரு வேலை வைத்திருக்கிறேன்; பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதல்ல. 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் சிலர் மலிவான பச்சை பாயிண்டர் ஒன்றைச் சோதித்தார்கள். பச்சை மங்கலாக இருந்தது. ஆனால் அதைவிடப் பன்மடங்கு அகச்சிவப்பு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வைக்க வேண்டிய வடிகட்டியைச் செலவு மிச்சம் என்று தயாரித்தவர்கள் விட்டுவிட்டார்கள் போலும். அகச்சிவப்புக்குக் கண் இமைக்காது. விழித்திரை வெந்த பிறகுதான் தெரியும். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சோதித்தவர்கள் இதைக் கண்டுபிடித்த விதம். ஒரு சிடி தட்டையும் மலிவான வெப்கேமையும் வைத்தே அந்த அகச்சிவப்பைக் காட்டிவிட்டார்கள். நம் பெட்டிக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். ஆகவே, பாயிண்டரின் ஒளியை நேராகவோ கண்ணாடியில் பட்டுத் திரும்பியோ கண்ணில் படவிடாதீர்கள். விழிஞ்ஞத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: வானத்தை நோக்கிக் காட்டாதீர்கள். திருவனந்தபுரம் விமான நிலையம் இதே கரையில்தான் இருக்கிறது.

சரி, பாயிண்டரைப் பிளவுக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் வேலை முடிந்ததா? இல்லை. லேசர் கற்றை ஒல்லியானது. பிளவுக்குள் போய்க் கீற்றணியின் ஒரு சிறு இடத்தில் மட்டும் விழுந்து திரும்பும். சாதாரண விளக்கின் ஒளியோ கீற்றணி முழுவதையும் நிரப்புகிறது. இரண்டும் ஒரே கருவியைச் சோதிப்பதாகாது. ஆகவே லேசரை எதிலாவது சிதறவிட்டு, அந்தச் சிதறல் பிளவுக்குள் போகும்படி செய்ய வேண்டும். வெள்ளைத் தாள் கைக்கு எட்டும் பொருள்தான், பச்சைக்குப் பரவாயில்லை. ஊதாவுக்கு மட்டும் கூடவே கூடாது. அச்சுத் தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் 405-இல் நீலமாக ஒளிரத் தொடங்கிவிடும். நிறமாலையில் ஊதாக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீல மேடு எழும். லேசரே கலப்படம் என்று நினைத்துக்கொள்வோம். குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை நாலைந்து அடுக்காக மடித்துப் பிளவின் முன் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பிளம்பிங் கடையில் கிடைக்கும் அந்த டேப்பைவிட நல்ல சிதறல் திரை இந்த விலைக்கு வேறெதுவும் கிடைக்காது.

அடுத்த பொறி, வெளிச்சம். வெப்கேமின் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரைதான் எண்ணும். லேசர் அதிகமானால் நடுவில் இருக்கும் பிக்சல்கள் 255-இல் முட்டிக்கொண்டு நிற்க, ஓரத்தில் இருப்பவை மட்டும் ஏறிக்கொண்டே போகும். மெல்லிய கோடு கொழுத்துத் தெரியும். கேமராவின் தானியங்கி ஒளிக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, டேப் அடுக்குகளைக் கூட்டி, உச்சி 200-ஐத் தாண்டாதபடி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கோட்டின் குறுக்கே வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்தால் ஒரு சிறு மலை கிடைக்கும். அந்த மலையின் பாதி உயரத்தில் அகலம் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பது தெரிந்தால் பெருக்கிவிடலாம். பாதி உயரம் என்பது வெறும் வழக்கம். எல்லோரும் ஒரே இடத்தில் அளந்தால் ஒப்பிடலாமே என்பதற்காக.

ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பதைத் தெரிந்துகொள்ளப் பழைய சிஎஃப்எல் பல்பு ஒன்று வேண்டும். அதனுள்ளே இருக்கும் பாதரச ஆவி 435.8-இல் ஒரு நீலக் கோட்டையும் 546.1-இல் ஒரு பச்சைக் கோட்டையும் தருகிறது. இரண்டும் உலகெங்கும் மாறாதவை. இரண்டுக்கும் நடுவே எத்தனை பிக்சல் என்று எண்ணினால் அளவுகோல் தயார். கிடைக்கும் எண் சரியா என்று பார்க்கக் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் நல்லது. 60 பாகை அகலம் பார்க்கும், 1280 பிக்சல் கொண்ட வெப்கேம் என்றால், ஒளி கீற்றணியில் செங்குத்தாக விழும்போது பச்சைப் பகுதியில் ஒரு பிக்சலுக்கு 0.42 நானோமீட்டர் வரும். பிளவு 0.2 மில்லிமீட்டர் அகலமிருந்து, 20 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், அதனால் மட்டும் 0.74 நானோமீட்டர் அகலம் சேரும். கீற்றணியின் பங்கோ அற்பம்: கேமராவின் கண் 2 மில்லிமீட்டர் என்றால் அதற்குள் 2700 தடங்கள் அடங்கும், அந்தக் கணக்கில் 0.2 நானோமீட்டரையே பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு நானோமீட்டர் அளவில் பிரிதிறன் வரும். சோடியத்தின் இரண்டு கோடுகளுக்கு இடையே 0.6-தான். இரண்டாவது கோடு எங்கும் போகவில்லை. முதல் கோட்டோடு ஒட்டிக்கொண்டு பெட்டியின் தடிமனுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வெப்கேமையும் பிளவையும் அப்படியே வைத்துக்கொண்டு, இன்னும் நெருக்கமான கீற்றணி வாங்கிப் போட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள்: நம் பெட்டியில் கீற்றணிதான் தன் திறமையில் பெரும்பகுதியைக் காட்டாமல் சும்மா இருக்கிறது, படத்தைக் கெடுப்பது பிளவும் பிக்சலும். பிளவைக் குறுக்கினால் கோடு மெலியும், வெளிச்சமும் அதே விகிதத்தில் குறையும். ஓர் எல்லைக்குப் பிறகு வெளிச்சம் மட்டுமே குறையும், கோடு மெலியாது. அப்போது பிக்சலின் தரையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். கேமராவின் முன் நீண்ட குவிய லென்ஸ் போட்டு, நிறமாலையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்குவது ஒன்றே பிறகு வழி.

பிளவின் அகலத்தை எப்படி அளப்பது? அதற்கும் லேசரே உதவும். இப்போது டேப் இல்லாமல், பச்சைக் கற்றையைப் பிளவின் வழியே 3 மீட்டர் தூரத்துச் சுவரில் விழவிடுங்கள். நடுவில் ஒரு பட்டையும், இரு பக்கமும் வரிசையாக மங்கலான பட்டைகளும், இடையிடையே இருட்டும் தெரியும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இருட்டுகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர் இருந்தால் பிளவு 0.2 மில்லிமீட்டர். 16 இருந்தால் பிளவு 0.1. பிளவு குறுகக் குறுகப் பட்டைகள் விரியும். எனக்குத் தெரிந்து வீட்டில் ஒரு தலைமுடிக்கு நிகரான இடைவெளியை அளக்க இதைவிட நேர்த்தியான வழி இல்லை.

பச்சையில் கிடைத்த எண் பச்சைக்கு மட்டுமே. டிவிடி கீற்றணி சிவப்பை அதிகச் சாய்வில் விரிக்கிறது. அங்கே ஒரு பிக்சலுக்கு 0.3 நானோமீட்டர்தான். ஊதாவில் அது 0.5 ஆகிறது. கணக்கின்படி சிவப்பில் கருவி கூர்மையாக இருக்க வேண்டும். ஆனால் வண்ணக் கேமராவில் நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை வடிகட்டி கொண்டவை, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. கீற்றணி கொடுத்ததைக் கேமரா பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே மூன்று நிறத்திலும் அளந்து பார்ப்பது நல்லது. சிவப்பும் ஊதாவும் தமக்கென ஓர் அகலம் உள்ளவை என்பதால் அவற்றில் கிடைப்பது ‘இதைவிட மோசமாக இருக்க வாய்ப்பில்லை’ என்ற வரம்பு மட்டுமே. சொந்த அகலத்தைக் கழித்தும் பார்க்கலாம்: அகலங்கள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடுகின்றன. திரையில் 1.3 தெரிந்து, பெட்டியின் பங்கு 0.9 என்றால், லேசரின் சொந்த அகலம் 0.4 என்று சொல்லிவிடக் கூடாது, அது 0.94.

இனி சிவப்புக்கு ஒதுக்கிய வேலை. அகலத்தை அளப்பது ஒரு வழி என்றால், இரண்டு கோடுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து எப்போது ஒட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பது இன்னொரு வழி. 1879-இல் ராலே பிரபு பிரிதிறனுக்கு வகுத்த இலக்கணமே இதுதான். அதற்கு, இடைவெளியை நம் விருப்பம்போல் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு கோடுகள் வேண்டும். மலிவான சிவப்பு பாயிண்டரின் குறையே இங்கே வரமாகிறது. அதன் டயோடு சூடேறினால் அலைநீளம் கூடும், குளிர்ந்தால் குறையும். ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 0.2 நானோமீட்டர்.

விழிஞ்ஞத்தில் ஐசுக்குப் பஞ்சமில்லை. மீன்பெட்டிகளுக்கு இடித்துப் போடும் ஐஸ் துறைமுகத்தில் எங்கும் கிடைக்கும். ஒரே மாதிரி இரண்டு சிவப்பு பாயிண்டர் வாங்கி, நிழலில் 30 பாகையில் ஒன்றை வைத்துவிட்டு, மற்றதைப் பாலித்தீன் உறையில் சுற்றி ஐசுக்குள் புதைத்துவிடுங்கள். கடலோர ஈரக் காற்று குளிர்ந்த எதன் மேலும் உடனே நீர்த்துளியாகப் படியும். ஒளி வெளிவரும் வாயில் படிந்தால் சோதனை கெடும், அதனால் உறையை நன்றாகக் கட்ட வேண்டும். 5 பாகைக்குக் குளிர்ந்தால் 25 பாகை வித்தியாசம். கோடு 5 நானோமீட்டர் விலகி நிற்கும். இரண்டின் ஒளியையும் ஒரே டேப்பில் விழவிட்டு, ஐசிலிருந்து எடுத்ததை மெல்லச் சூடேற விடுங்கள். திரையில் ஒரு கோடு மற்றதை நோக்கி ஊர்ந்துவரும். சீராக ஊராது, டயோடு சில சமயம் ஓர் அலைநீளத்திலிருந்து அடுத்ததற்குத் தத்தித் தாவும். நடுவே இருந்த பள்ளம் தூர்ந்து, இரண்டு மலை ஒரு மலையாகும் கணத்துக்கு முந்தைய இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையில் கிடைத்த எண்ணைவிட இது சற்றுக் கூடுதலாகத்தான் வரும், சிவப்பின் சொந்தத் தடிமனும் சேர்வதால். ஒன்று மட்டும் கவனம்: பேட்டரி தேய்ந்து பாயிண்டர் மங்கலாக எரிந்தால் அது லேசராக இல்லாமல் வெறும் எல்ஈடியாக ஒளிர்கிறது என்று பொருள்; கோடு இருக்க வேண்டிய இடத்தில் அகலமான சிவப்புத் திட்டு தெரியும்.

ஒரு நானோமீட்டர் என்பது நல்ல எண்ணா, மோசமான எண்ணா? கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. தென்னிந்தியாவோடு தொடர்புள்ள மூன்று கண்டுபிடிப்புகளை வைத்துப் பார்க்கலாம்.

1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமன் தன் பெயர் பெற்ற விளைவை உறுதிசெய்தபோது கையில் இருந்தது சட்டைப் பைக்குள் அடங்கும் நேர்பார்வை நிறமாலைகாட்டி. பாதரச விளக்கின் 435.8 கோடு பென்சீனில் சிதறும்போது, அதன் வலுவான புதிய கோடு ஏறத்தாழ 455.5-இல் விழுகிறது. இடைவெளி கிட்டத்தட்ட 20 நானோமீட்டர். நம் அட்டைப் பெட்டியின் பிரிதிறன் இதற்குத் தாராளம். ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் பட்ட பாடு வெளிச்சத்துக்காக; சிதறிய கோடு அவ்வளவு மங்கல். மறு எல்லையில் கொடைக்கானல். 1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வினாடிக்கு 2 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அந்த வேகம் ஒரு நிறமாலைக் கோட்டை நகர்த்தும் தூரம் 0.004 நானோமீட்டர். அதை அட்டைப் பெட்டியில் பார்க்க ஆசைப்படக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் சுவையானது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவின் குறுக்கே ஓடியது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், ஆங்கிலேயப் படை அதிகாரி டென்னன்ட். ஜம்கண்டியில் ஜான் ஹெர்ஷல். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன். போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி தனிக் குழுவோடு வனபர்த்திக்குப் போயிருந்தார். சூரியன் மறைந்த சில நிமிடங்களில், விளிம்பில் எழுந்த தீச்சுவாலைகளை நிறமாலைகாட்டியில் பார்த்தவர்கள் ஒளிரும் கோடுகளைக் கண்டார்கள். அதில் ஒன்று மஞ்சள். பெரும்பாலோர் சோடியத்தின் டி என்றே எழுதிக்கொண்டார்கள். போக்சன் மட்டும் டி-யில் அல்லது டி-க்கு மிக அருகில் என்று எச்சரிக்கையாகக் குறித்தார்.

இன்று நமக்குத் தெரியும்: அந்தக் கோடு 587.6. சோடியத்தின் 589.0-இலிருந்து 1.4 நானோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஹீலியத்தின் கோடு அது. அப்போதைய கருவிகளில் பல இந்த இடைவெளியைப் பிரிக்கக்கூடியவைதான். நம் பெட்டியே தட்டுத்தடுமாறிப் பிரித்துவிடும். அப்படியிருந்தும் ஏன் நழுவியது?

என் பார்வையில் காரணம் அளவுகோல். முழுக் கிரகணத்தின்போது சூரியனின் சாதாரண ஒளி மறைந்துவிடுகிறது. அதோடு சூரிய நிறமாலையில் கறுப்பாகத் தெரியும் டி கோடுகளும் மறைந்துவிடும். மஞ்சள் கோடு இருட்டில் தனியாக நிற்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. தனியாக நிற்கும் ஒரு கோட்டின் இடத்தை, அதன் தடிமனில் பத்தில் ஒரு பங்குவரைகூடச் சொல்லிவிடலாம், உறுதியான அளவுகோல் இருந்தால். இல்லாவிட்டால் எத்தனை கூர்மையான கருவியும் உதவாது. இரண்டு மாதம் கழித்து அக்டோபர் 20 அன்று லண்டனில் வானியலாளர் லாக்கியர், கிரகணமே இல்லாமல், பட்டப்பகலில் சூரிய விளிம்பின் சுவாலைகளைப் பார்த்தார். வானத்தில் சிதறிய வெயில் பின்னணியாக இருந்ததால் டி-யின் இரண்டு கறுப்புக் கோடுகளும் கூடவே தெரிந்தன. அவற்றுக்குச் சற்று விலகி, தனியாக, மஞ்சள் கோடு ஒளிர்ந்தது. கிரகண இருட்டு சுவாலைகளைக் காட்டிக்கொடுத்து, அளவுகோலைப் பறித்துக்கொண்டது. பகல் வெளிச்சம் அதைத் திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் வீட்டுச் சோதனையிலும் சிஎஃப்எல் பல்பையும் சோதிக்கும் விளக்கையும் ஒரே படத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக விழும்படி எடுக்கச் சொல்கிறேன். பிளவின் மேல்பாதிக்கு ஒரு விளக்கு, கீழ்ப்பாதிக்கு இன்னொன்று. நேற்று எடுத்த அளவுகோலை இன்றைக்குப் பயன்படுத்தினால் அட்டை ஈரத்தில் உப்பியதுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஹீலியத்தின் கதையில் பிரிதிறன் மறுபடி ஒருமுறை குறுக்கிட்டது. 1895-இல் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வந்த வாயுவில் அதே மஞ்சளைக் கண்டார்; ஹீலியம் பூமிக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஜெர்மனியில் ரூங்கே கூர்மையான கருவியில் பார்த்து, பூமியில் கிடைத்த கோடு ஒன்றல்ல, இரட்டை என்றார். பிரகாசமான ஒன்றை ஒட்டி மங்கலான துணைக்கோடு, இடைவெளி ஒரு நானோமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. சூரியனில் தெரிந்ததோ ஒற்றை. அப்படியானால் இரண்டும் வேறு வேறு பொருளா? சூரியனைப் பார்த்தவர்கள் கருவிகளைத் தீட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். அங்கும் துணைக்கோடு இருந்தது. ஒற்றைத் தோற்றம் கருவியினுடையது.

விழிஞ்ஞத்தில் ஒரு நானோமீட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு எதைப் பார்க்கலாம் என்று தேடினால், துறைமுக விளக்குகள் ஏமாற்றம்தான் தரும். இன்றைய வெள்ளை எல்ஈடி விளக்கு நீலத்தில் ஒரு மேடும், பச்சையிலிருந்து சிவப்புவரை நீளும் ஓர் அகலமான சரிவும் கொண்டது. அதில் கோடே கிடையாது. பிரிதிறன் ஒன்றாக இருந்தாலும் பத்தாக இருந்தாலும் படம் மாறாது. இரவில் கடலில் கூட்டமாகத் தெரியும் மீன்பிடி வெளிச்சங்களும் அப்படித்தான் (செயற்கை வெளிச்சத்தால் மீனை இழுத்துப் பிடிப்பதை 2017-இல் மத்திய அரசு தடை செய்தது, அது வேறு கதை). பழைய சோடியம் தெருவிளக்கு எங்காவது எரிந்தால், அதுவும் பிரிதிறனைச் சோதிக்க உதவாது. அதற்குள் ஆவியின் அழுத்தம் அதிகம்; அதனால் டி கோடுகள் தாமே அகன்று, நடுவில் கறுத்துப் போயிருக்கும். அந்த அகலம் உண்மையிலேயே விளக்கினுடையது.

மாலைச் சூரியனைப் பாருங்கள், அதாவது நேராக அல்ல: அது கடலில் இறங்கும்போது அதன் ஒளி பட்ட வெள்ளைச் சுவரைப் பெட்டியால் பாருங்கள். 656.3-இல் ஹைட்ரஜன், 517-ஐச் சுற்றி மக்னீசியத்தின் மூன்று கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு, 687-இல் நம் காற்றின் ஆக்சிஜன், எல்லாம் கறுப்பில் தெரியும். டி ஒரே கோடாகத் தெரியும். அந்த டி-யை ஒட்டி, சிவப்புப் பக்கமாக, 590-க்கும் 595-க்கும் இடையே ஒரு மங்கலான நிழல் படிந்திருக்கும். அது நீராவி. சூரியன் தாழத் தாழ, காற்றில் ஈரம் ஏற ஏற, நிழல் கறுக்கும். 1870-களில் ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளர் பியாட்சி ஸ்மித் இதற்கு மழைப்பட்டை என்று பெயரிட்டு, பைக்குள் அடங்கும் நிறமாலைகாட்டியால் மழையைக் கணிக்கலாம் என்று வாதாடினார். 1883 செப்டம்பரில், கிரகடோவா எரிமலை வெடித்துச் சில வாரங்களில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தபோது, சென்னையில் மிச்சி ஸ்மித் நிறமாலைகாட்டியை அதன் பக்கம் திருப்பினார். மழைப்பட்டை வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தது. பச்சைக்கு எரிமலைத் தூசியே காரணம் என்று பின்னாளில் விளக்கப்பட்டது. ஆனால் பார்த்த அந்த மனிதர்தான் போக்சனுக்குப் பின் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்று, அதைக் கொடைக்கானலுக்குக் கொண்டுசேர்த்தார்.

மழைப்பட்டை டி-யிலிருந்து ஐந்து நானோமீட்டர்வரை பரவியது. ஒரு நானோமீட்டர் பெட்டிக்கு எளிய இலக்கு. தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடுவது வழக்கமாக ஜூன் முதல் வாரம். மே நடுவிலிருந்து தினமும் மாலை ஒரே நேரத்தில், சூரியன் ஒரே உயரத்தில் இருக்கையில், ஒரே சுவரைப் படமெடுங்கள். ஒவ்வொரு முறையும் பச்சை பாயிண்டரால் பெட்டியின் தடிமனைச் சரிபார்த்து, அந்த எண்ணையும் பிளவின் அகலத்தையும் படத்தின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். பட்டையின் கறுப்பை அதற்குப் பக்கத்தில் 600-இல் உள்ள வெளிச்சத்தோடு வகுத்தால் அன்றைய ஈரத்துக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண் மழைக்கு எத்தனை நாள் முன்பே ஏறத் தொடங்குகிறது என்பதைப் பெட்டி வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.